தார்மேல் பத்து எண்ணிக்கை

"எட்டு... ஒன்பது... பத்து."

கேப்டன் தார்த்தரையிலிருந்து உள்ளங்கையை எடுத்து, கால்சட்டையில் தட்டிக்கொண்டாள்.

"அக்கா, அது கையா, கரண்டியா?" என்றாள் நால்வரில் இளையவள். மற்ற இருவரும் சிரித்தார்கள். கேப்டனும்.

மதியம் மூன்று மணி. பஸ் டிப்போவின் பின்பக்கம். நான்கு பேருமே கண்டக்டர்கள். ஷிப்ட் மாறும் இந்த நாற்பது நிமிஷம்தான் நால்வருக்கும் ஒன்றாகக் கிடைக்கும். நான் மெக்கானிக். ஒரு காலத்தில் பந்தயங்களில் ஓடியவன் என்பதால் இவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது.

போன கோடையின் தொடக்கத்தில் ஒருத்தி வளைவில் மயங்கி விழுந்தாள். அன்றே ஒரு விதி போட்டேன். ஓடுவதற்கு முன் கேப்டன் தரையில் உள்ளங்கையை வைத்துப் பத்து எண்ண வேண்டும். சூடு தாங்க முடியாவிட்டால் அன்றைக்கு ஓட்டம் கிடையாது.

அந்தக் கோடையில் பாதி நாள் நாங்கள் ஓடவில்லை.

இந்த வருஷம் இவள் கேப்டன். ஒரு நாள்கூட ரத்தாகவில்லை. வெயில் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை டிப்போக்களுக்கு இடையே தொடர் ஓட்டம். நாற்பது வயதானவர்களைச் சேர்க்க மாட்டார்கள். கேப்டனுக்கு அடுத்த மாதம் நாற்பது. பதினோரு வருஷமாக ஓடுகிறாள். ஒரு தடவையும் ஜெயித்ததில்லை.

எல்லாரையும் தண்ணீர் குடிக்க வைத்தேன். பின்கழுத்தில் ஈரத்துண்டு. பிறகு விசில்.

மூன்றாமவள் மூச்சிரைக்க வந்து பேட்டன் கட்டையை நீட்டினாள். கேப்டன் ஓடிக்கொண்டே கையைப் பின்னால் நீட்டினாள்.

இடது கை. எப்போதும் வலது கையில்தான் வாங்குவாள்.

பேட்டன் விழுந்து உருண்டது.

"வேர்வைண்ணே. வழுக்கிடுச்சு."

அதை எடுக்கக் குனிந்தவன் தடுமாறி, கையைத் தரையில் ஊன்றினேன். எஞ்சின் சூட்டில் காய்த்துப்போன கை. இரண்டு எண்ணுவதற்குள் தானாக எழும்பிவிட்டது.

விதியைப் போட்டவன் நான். ஒரு நாளும் தரையைத் தொட்டுப் பார்த்ததில்லை.

"வலது கையைக் காட்டும்மா."

அவள் முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். "ஞாயித்துக்கிழமை வரைக்கும்தாண்ணே" என்றாள். நான் அசையாமல் நின்றேன். மெதுவாக விரித்தாள்.

புதுக் கொப்புளம் ஒன்று. பக்கத்தில் உடைந்துபோன நேற்றையது. விரல்களின் அடியில், தோல் உரிந்து இளஞ்சிவப்பாக, போன வாரத்தது. அதற்கும் முந்தியதும் இருந்தது.

இளையவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஈரத்துண்டை அந்தக் கையில் சுற்றினேன். இந்த வருஷ வெயில் ஒரு நாளும் குறைந்திருக்கவில்லை.