தராசில் ஏறிய கம்ப்யூட்டர்

சங்கச் செயலாளர் முனியன் புதுக் கம்ப்யூட்டரைத் தூக்கிப் புளி நிறுக்கும் தராசில் வைத்தார்.

"ஒண்ணேகால் கிலோ," என்றார். "இவ்ளோ காசுக்கு ஒண்ணேகால் கிலோதானா தலைவரே?"

ஜமுனாமரத்தூரில் சாமையும் புளியும் வாங்கி விற்கிற விவசாயிகள் சங்கம் அது. எதையும் நிறுத்துப் பார்க்காமல் நம்புகிற வழக்கம் அங்கே கிடையாது. கமிட்டி ஆட்கள் தராசைச் சுற்றி நின்று தலையை ஆட்டினார்கள்.

தலைவர் சக்கரவர்த்தி நாற்காலியை விட்டு எழவில்லை. "கம்ப்யூட்டர எவனாவது எடை போட்டு வாங்குவானாயா? உள்ள ஃபேன் கிடையாது. அதான் சின்னதா கீது."

"ஃபேன் இல்லாததுக்கு ஜாஸ்தி காசா?" கமிட்டி மெம்பர் சின்னராசு சிரித்தார். "உப்பு போடாத கொழம்புக்கு ரெண்டு ரூபா கூடவா?"

"ஃபேன் இருந்தா காத்த இழுக்கும். காத்தோட சாமை உமியும் உள்ள பூரும். இதுல ஓட்டையே இல்ல. கரண்டும் கம்மி. கரண்ட் போனாலும் பேட்டரில சாயங்காலம் வரைக்கும் ஓடும்."

"ரிப்பேர் ஆச்சுன்னா?"

"மலை எறங்கித்தான் போவணும்," என்று ஒப்புக்கொண்டார் தலைவர்.

"சூடாவாதா?"

"மேல தொட்டா சுடும்."

"அப்ப டீ கிளாஸ் வெக்கலாம். ஒரு புண்ணியம் கீது." சின்னராசு பெட்டியை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். "தொறப்பு விழாவுக்கு மாலை போட்டா பொட்டியே தெரியாதே."

முனியன் சிரிக்கவில்லை. சங்கத்தில் சிரிக்காத ஒரே ஆள் என்று அவருக்குப் பேர். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு.

"பழசு ஓடிக்கினுதானே இருந்துச்சு?"

"ஓடுச்சு. ரைஸ் மில்லு மாதிரி கத்திக்கினே ஓடுச்சு."

"கத்தட்டும். மணிவேலே ஒண்ணும் சொல்லல. உனக்கு இன்னா?"

மணிவேல்தான் கம்ப்யூட்டரில் பில் போடுகிற பையன். தன் பெயர் அடிபட்டும் குனிந்த தலை நிமிரவில்லை. போன மாதம் ஒரு நாள் கைக்குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டான். அன்றைக்கே முனியன் சட்டம் போட்டார். 'இது ஆபீசு, பால்வாடி இல்ல. இன்னொரு தடவ புள்ளையோட வந்தா வேற ஆளப் பாத்துக்குறோம்.' அதற்குப் பிறகு குழந்தையை யாரும் அங்கே பார்க்கவில்லை.

"மத்தியானம் சாப்ட்டதும் கம்ப்யூட்டர் ரூம் கதவ சாத்திக்கினு உள்ள உக்காந்துக்கிறியே," என்று முனியன் தலைவரை விடாமல் பிடித்தார். "கேட்டா தூசி வரும்ன்ற. தூசியே பூராத பொட்டிக்கு இனிமே கதவு எதுக்கு சாத்தணும்?"

தலைவர் வசமாக மாட்டிக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"தூங்கறதுக்குத்தான்."

"இன்னாது?"

"வயசாச்சுயா. மத்தியானம் கண்ண சொக்குது. பழைய பொட்டி சத்தத்துல தூக்கம் வரல. அதான் சத்தமில்லாததா பாத்து வாங்குனேன். போதுமா?"

வெட்கமே இல்லாமல் சொன்னார். கமிட்டி கொதித்துவிட்டது. சங்கக் காசில் தூக்கமா?

"பொட்டிய கடைக்கே திருப்பிக் குடு," என்றார் முனியன்.

"அது முடியாது. வேணும்னா நாற்காலிய எடுத்துக்குங்க."

"எடுத்துக்கத்தான் போறோம். ஞாயித்துக்கெழம பொதுக்குழுவ கூட்டுறோம். நாற்காலியும் போவும், பொட்டியும் போவும்."

பொதுக்குழுவுக்கு ஆதாரம் வேண்டுமே. மறுநாள் மத்தியானம் முனியன் செல்போனோடு கிளம்பினார். தலைவர் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவதைப் படம் எடுத்து எல்லோருக்கும் காட்டுவதாக ஏற்பாடு. துணைக்கு வந்த சின்னராசுவும் இன்னும் நாலு பேரும் வாசலில் நின்றுகொண்டார்கள்.

முனியன் பூனை மாதிரி போய்க் கதவைத் தள்ளினார். செல்போனைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது.

மணிவேல் பில் போட்டுக்கொண்டிருந்தான். மேஜையில் பெட்டி மூச்சுக்கூட விடாமல் வேலை செய்தது. உத்தரத்தில் புடவைத் தூளி ஒன்று தொங்க, அதிலிருந்து ஒரு பிஞ்சுக் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தரையில் தலைவர் சப்பணம் போட்டு உட்கார்ந்து, தூளிக் கயிற்றை இழுத்து ஆட்டிக்கொண்டிருந்தார். கண் இரண்டும் கொட்டக்கொட்ட விழித்திருந்தன.

முனியனைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தார்.

"இப்பதான்யா தூங்குச்சு," என்றார் மெல்ல. "இவன் சம்சாரம் வேலூர்ல தங்கி நர்சிங் படிக்கிறா. காலைல இவங்கம்மா பாத்துக்குது. மத்தியானம் அது ஆடு ஓட்டிக்கினு போய்டுது. அப்புறம் புள்ளைய எங்க வுடுவான்? பழைய பொட்டிய போட்டா எழுந்து வீல்னு கத்துது. உன் சட்டம் வேற. நான் இன்னா பண்ணட்டும்?"

மணிவேல் எழுந்து நின்றுவிட்டான். வேலை போயிற்று என்றே முடிவு கட்டிவிட்டான்.

முனியன் தூளியைப் பார்த்தார். தலைவரைப் பார்த்தார். உட்கார் என்று மணிவேலுக்குக் கையைக் காட்டினார். பிறகு வந்த வழியே திரும்பி, கதவைச் சத்தம் வராமல் சாத்தினார்.

வாசலில் நின்றவர்கள் மொய்த்துக்கொண்டார்கள்.

"இன்னாச்சு? தூங்குறாரா?" என்று சின்னராசு உரக்கக் கேட்டார்.

"தூங்குறாரு."

"போட்டோ?"

முனியன் செல்போனைச் சட்டைப் பையில் போட்டார்.

"எதுக்குயா அதெல்லாம்? அந்த நாற்காலில எவன உக்கார வெச்சாலும் தூங்கத்தான் போறான். பொட்டி நல்ல பொட்டி. அது இங்கயே இருக்கட்டும்."

"நேத்து வேற மாதிரி பேசுனியே," என்று சின்னராசு குரலை உயர்த்தினார்.

"மொதல்ல மெதுவா பேசு," என்றார் முனியன். "தலைவர் எழுந்துடப் போறாரு."