நாலாவது கட்டம்

பேராசிரியர் வெலிபோர் அட்டைப்பெட்டியில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் நெவெனாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. செய்த வேலை பலித்துவிட்டது. மனிதர் மூட்டை கட்டுகிறார்.

"வாங்க, கலீக். உக்காருங்க," என்றார் அவர், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

நேற்று முளைத்த மாணவனையும் 'சகா' என்ற பொருளில் 'கலீக்' என்றே கூப்பிடுவது செர்பியப் பேராசிரியர்களின் வழக்கம். எல்லோரும் சமமாம்! இவர் வாயில் மட்டும் அது வசவுபோல வந்து விழும்.

அவள் உட்காரவில்லை. புள்ளியியல் படித்த காலமெல்லாம் இவரிடம் பட்டது போதாதா? ஒருமுறை வாய்மொழித் தேர்வில் அவளுடைய மதிப்பெண் புத்தகத்தை ஜன்னல் வழியே வீசினார். முற்றத்து மழைத்தண்ணீரில் இறங்கி அவளே பொறுக்கிக்கொண்டு வந்தாள்.

"பத்து கடவுளுக்கு, ஒன்பது எனக்கு, உங்களுக்கு ஆறே அதிகம்" என்று சொல்லிச் சொல்லியே, பாஸாக வேண்டிய அந்த ஆறைக்கூடத் தராமல், பாதிப் பேரைத் துரத்தியவர். மிச்சம் இருந்தவர்களில் பலர் தாங்களாகவே ஓடிவிட்டார்கள். கடைசி வருடம் வந்தபோது, மொத்த வகுப்பும் ஒரே டாக்சியில் அடங்கிவிடும் என்று பக்கத்துத் துறைக்காரர்கள் கேலி செய்தார்கள்.

"வெள்ளிக்கிழமையோட நான் கிளம்பறேன்," என்றார் வெலிபோர். "இந்த வருஷமும் அமெரிக்காவுக்கு விண்ணப்பம் போடுவீங்கல்ல? எந்தெந்த இடம்னு சொல்லுங்க. சிபாரிசு எழுதி முத்திரை வெச்சுக் குடுத்துடறேன். அப்புறம் முத்திரை என் கையில இருக்காது."

மேசைமேல் முத்திரையும் மைப்பெட்டியும் மட்டும் பெட்டிக்குள் போகாமல் கிடந்தன. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் நெவெனாவுக்கு நினைவு வந்தது.

"நீங்க செஞ்ச வரைக்கும் போதும், புரொபசர். போன தடவை உங்க சிபாரிசு மட்டும் இல்லாம இருந்திருந்தா, நான் இந்நேரம் அங்க வகுப்புல உக்காந்திருப்பேன்."

"என்ன உளறல் இது?" கையிலிருந்த தடிப் புத்தகம் பெட்டிக்குள் தொப்பென்று விழுந்தது.

"உளறலா? கேட்ட இடமெல்லாம் கதவைச் சாத்திட்டாங்க. இப்ப எங்க மாமாவோட பேக்கரியில புரெக் வெட்டிக் குடுத்துட்டிருக்கேன், தெரியுமா? காலையில நாலு மணிக்கு அடுப்பு பத்தவைக்கறேன். புள்ளியியல்ல டாக்டர் பட்டம் வாங்கணும்னு ஸ்கூல் படிக்கறப்போலேர்ந்து ஒரே ஆசை. அதுல மண்ணைப் போட்டது நீங்க."

"நானா?"

"நடிக்காதீங்க. அங்க படிக்கிற நம்ம சீனியர் எல்லாத்தையும் சொல்லிட்டாரு. 'இவர் தம் வகுப்பில் எந்த நிலை?'ன்னு கேள்வி. ஒரு சதவீதம், அஞ்சு, பத்து, இருபத்தஞ்சுன்னு வரிசையா கட்டம். நீங்க நாலாவது கட்டத்துல டிக் போட்டிருக்கீங்க. முதல் இருபத்தஞ்சு சதவீதம்! அதைப் பார்த்ததுமே தூக்கி ஓரமா வெச்சுட்டாங்களாம்."

"ஆமா, போட்டேன். அதுல என்ன தப்பு?"

என்ன திமிர்! அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"மத்தவங்க ஆறுக்கே முட்டி மோதினப்போ உங்ககிட்ட ஒன்பது வாங்கினவ நான். பத்து சதவீதத்துல போட உங்களுக்குக் கை வரலையா?"

"வரலை. ரொம்ப நேரம் யோசிச்சேன். பொய் எழுதற பழக்கம் எனக்கில்லை."

"பொய்யா?"

இதற்குமேல் அடக்கிவைக்க அவளால் முடியவில்லை. ரகசியமாகவே இருக்கட்டும் என்று எண்ணியிருந்தது தானாக வெளியே வந்தது.

"அப்ப நானும் ஒரு உண்மையைச் சொல்லிடறேன். மே மாசம் எங்க வகுப்புல மாணவர் கருத்துக்கணிப்பு நடந்துதே, பேர் போடாம? 'பாடம் நடத்தத் தகுதியில்லாத ஆளு, பணி நீட்டிப்பு குடுக்காதீங்க'ன்னு எழுதினது நான்தான். நல்லா யோசிச்சு, ஆற அமர எழுதினேன்."

வெலிபோர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். சட்டைப்பையில் சிகரெட்டைத் தேடினார். அதுவும் ஏதோ ஒரு பெட்டிக்குள் போயிருந்தது. அறுபத்தைந்து வயது அப்போதுதான் அவர் முகத்தில் தெரிந்தது. நெவெனாவுக்குப் பரம திருப்தி. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"யாரோ ஒருத்தர் கோபத்துல எழுதினதுன்னு டீன்கிட்ட சொல்லிப் பார்த்தேன்," என்றார் அவர். "கேக்கலை. 'இவரோட மாணவர்கள்ல இருபத்தஞ்சு சதவீதம் பேருக்கு இவரைப் பிடிக்கலை'ன்னு மேல எழுதி அனுப்பிட்டாரு. அதோட முடிஞ்சுது."

"சரியாத்தான் எழுதியிருக்காரு!"

"சரிதான். கணக்குல ஒரு தப்பும் இல்லை. இருந்ததே நாலு பேரு, அதுல ஒருத்தர்."

வெலிபோர் முத்திரையை எடுத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"நாலு பேர்ல முதல் ஆளுக்கும் அதே இருபத்தஞ்சுதானே வரும், கலீக்?"