இனிப்புக்குப் பிறகு ஒரு தட்டு

இனிப்புக் கிண்ணம் காலியானதும் ஜெயிலர் எழுந்தார்.

"இன்னும் ஒண்ணு இருக்குங்க," என்றான் கைதி.

விடிந்தால் அவனுக்குத் தூக்கு. கடைசிச் சாப்பாட்டைக் கேட்டபடி கொடுக்க வேண்டும், முடியும்வரை அவசரப்படுத்தக் கூடாது என்பது சிறை விதி. ஜெயிலர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அவன் வெளிநாட்டுக்காரன். இங்கே 'தொடக்கம்' என்று முதலில் கொடுக்கும் சூப்புக்கு அவன் நாட்டில் 'வழியனுப்பு' என்று பெயராம். இங்கே 'நிறைவு' என்று கடைசியில் வரும் இனிப்பு அங்கே 'வரவேற்பு'. எல்லாமே தலைகீழ். நல்ல ஊர்தான் போ என்று சிறை டாக்டர் சிரித்திருந்தார். உங்கள் வரிசைப்படியே கொடுங்கள் என்று அவனும் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்துவிட்டான்.

இனிப்புக்கு அடுத்தது என்ன என்று பரிமாறிக்கொண்டிருந்த சமையற்காரர் கேட்டார். பெயரை இவர்கள் மொழியில் சொல்லத் தெரியவில்லை என்றான். அதில் உணவு எதுவும் கிடையாது. வெறும் தட்டைச் சூடாக்கிக் கொண்டுவர வேண்டும். சுற்றியிருப்பவர்கள் ஒருமுறை தொட வேண்டும். அவ்வளவுதான்.

சமையற்காரருக்கு மறுக்க மனம் வரவில்லை. இத்தனை காலம் அவர் கையால் சாப்பிட்டவன். ஓடிப்போய்த் தட்டைச் சூடாக்கி எடுத்துவந்தார்.

முதலில் அவரே தொட்டார். பிறகு அருகில் நின்ற டாக்டர். சனியன் தொலையட்டும் என்று ஜெயிலரும் ஒரு விரலை வைத்தார்.

கைதி மட்டும் தொடவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சிரித்தான்.

மறுநாள் மத்தியானம், உடலை வாங்க அவனுடைய அண்ணன் வந்திருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு சமையற்காரர் ஆறுதல் சொன்னார். தம்பிக்கு ஒரு குறையும் வைக்கவில்லை, கடைசியாகக் கேட்ட அந்தச் சூடான வெறும் தட்டைக்கூடக் கொடுத்துவிட்டோம், எல்லோரும் தொட்டோம்.

அண்ணன் கையை உருவிக்கொண்டார்.

"அது கடைசித் தட்டு இல்லைங்க, எங்க நாட்டுல அதுதான் முதல். அதுக்குப் பேரு 'அழைப்பு'. தொட்டவங்க அவன் பந்திக்கு வந்தே தீரணும்."

சமையற்காரர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. தூக்கு முடிந்ததும் வீட்டுக்குப் போன ஜெயிலர் இன்னும் திரும்பவில்லை. என்ன ஆயிற்று என்று பார்க்கப் போன டாக்டரும் திரும்பவில்லை.

பயந்துபோய்ச் சமையலறைக்கு ஓடினார். நேற்றே கழுவிக் கவிழ்த்த தட்டு நிமிர்ந்து கிடந்தது. தொட்டுப் பார்த்தார். சூடு ஆறவேயில்லை.

வாசல் பக்கமிருந்து, இன்று யாரும் செய்யாத இனிப்பின் மணம் வந்தது.