திருகு மூடி

சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டு நிமிர்ந்த நடேசன் திடுக்கிட்டான். கடைப் பையனிடம் வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று வந்தால், காஞ்சிபுரம் போயிருப்பதாகக் கேள்விப்பட்ட மரவேலைக்காரன் கோதண்டம், கையில் உளியோடு கடையிலேயே உட்கார்ந்திருந்தான்.

திரும்பிப் போகவும் வழியில்லை. பார்த்துவிட்டான்.

"வாப்பா. இன்னா வோணும்?"

"மோதிரம் வெக்கிற மாதிரி ஒரு சின்ன மரப்பொட்டிண்ணே."

கோதண்டத்தின் கோபம் வல்லம் முழுக்கப் பிரசித்தம். தம்பி இறந்து மூன்று வருஷம். தம்பி பெண்டாட்டி லீலாவைக் கட்டிக்கொள்ளக் கேட்டு வந்த பிள்ளைப்பாக்கத்து ஆளை, உளியும் கையுமாக பஸ் ஸ்டாப் வரை விரட்டியவன். "அவ சம்பளத்தை விட மனசில்லை, பாவிக்கு" என்று ஊரே பேசியது.

நடேசன் மோதிரம் வாங்கியது அதே லீலாவுக்குத்தான். இருவருக்கும் ஒரே ஃபேக்டரி. நாளை ஷிஃப்ட் முடிந்ததும் கேட்டுவிடுவதாக முடிவு. நகைக்கடை பிளாஸ்டிக் டப்பாவோ மாத்திரை டப்பா மாதிரி இருந்தது. கையால் செய்த பெட்டி வேண்டுமென்றால், இந்தப் பக்கம் கோதண்டத்தை விட்டால் ஆளில்லை.

"யாருக்கு?"

"நான் கட்டிக்கப் போற பொண்ணுக்குண்ணே. மண்ணூர்." வாயில் வந்த ஊரைச் சொல்லிவைத்தான்.

"வேலைக்குப் போற பொண்ணா?"

"ஆமாண்ணே."

"கல்யாணத்துக்கு அப்புறம்?"

"அது அவங்க இஷ்டம். நான் யாரு வாணாம்னு சொல்ல?"

கோதண்டம் அலமாரியைக் காட்டினான். வரிசையாகக் குங்குமச் சிமிழ்கள். நடேசன் திருகு மூடி போட்ட ஒன்றை எடுத்தான். அப்படி ஒரு அழகு! இதில் மோதிரத்தை வைத்து நீட்டினால் போதும், வாய்விட்டுச் சொல்ல முடியாததை எல்லாம் சிமிழே சொல்லிவிடும்.

"இதைக் குடுங்கண்ணே."

"அது வாணாம்."

"ஏண்ணே, நல்லாத்தானே..."

"வாணாம்னா வுடு!" வெடுக்கென்று பிடுங்கி உள்ளே வைத்தான்.

போச்சு, கண்டுபிடித்துவிட்டான்! புருஷனை இழந்தவளுக்குக் குங்குமச் சிமிழா என்று இப்போது உளி பறக்கப் போகிறது. நடேசனின் கண் தானாக சைக்கிள் பக்கம் போனது. ஆனால் இன்றைக்கு ஓடினால், லீலாவை இத்தோடு மறந்துவிட வேண்டியதுதான். அங்கேயே நின்றான்.

"அண்ணே, பொய் சொல்லிட்டேன். பொண்ணு மண்ணூர் இல்ல."

"தெரியும். ரெண்டு மாசமா லீலா பஸ் ஏறுற வரைக்கும் நின்னு, அப்புறமா சைக்கிளை எடுக்கிறவன் நீதானே?"

நடேசன் தலையைக் குனிந்துகொண்டான்.

"பிள்ளைப்பாக்கத்தான் கேட்டு வந்த அன்னைக்கே, வேலையை வுட்டுட்டு மாடு மேய்க்க வரணும்னான். தொரத்தினேன்." கோதண்டம் புது மரத்துண்டு ஒன்றை எடுத்து ஊதினான். "காலைல வா. சும்மா தூக்கினா வர்ற மூடி போட்டு, அதே மாதிரி சிமிழ் செஞ்சி வெக்கிறேன்."

"அப்போ... அதையே குடுத்திருக்கலாமேண்ணே?"

"எல்லார் எதிர்லயும் கையை மறைச்சிக்குவா, உனக்கெப்படித் தெரியும்? நெல்லு மிஷின்ல அடிபட்டதுலேர்ந்து லீலாவுக்குக் கட்டைவிரல் மடங்காதுப்பா. திருகு மூடியை எப்படித் தொறப்பா?"