ஆளுக்கொரு நம்பர்

தொடர்ந்து நாலாவது கான்ட்ராக்டும் கைவிட்டுப் போனதும் முதலாளிக்குத் துப்பறியும் மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. ஆபீசுக்குள் திருடன் இருக்கிறான். இங்கே கட்டட பிளான் வரைய வரைய, எவனோ சுடச்சுட எதிர்க் கம்பெனிக்கு அனுப்புகிறான்.

"எவனோ என்ன எவனோ! அந்தக் கம்பெனியே உங்க தம்பியோடதுதானே?" என்று அக்காவைப் பார்த்துச் சீறினார்.

பிளான் வரைபவர்களில் மூத்தவள் என்பதால் ஆபீசே அவளை அக்கா என்றுதான் கூப்பிடும். பாவம், கண் கலங்கிவிட்டது.

"அவன் விலையைக் குறைச்சுக் கேட்டான், கிடைச்சுது. நான் அவன்கூடப் பேசியே வருஷக்கணக்காச்சு சார்."

"அதையும் பாத்துடலாம். நீங்கதான்னு தெரிஞ்சுது, வேலையும் போகும், போலீசும் வரும்."

நெட்வொர்க்காரரை வரவழைத்தார். அவர் சர்வரை நோண்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இருபத்தி மூணு பேரும் அவங்கவங்க மேஜையிலேர்ந்து ரிமோட் டெஸ்க்டாப்ல இந்த ஒரே சர்வருக்குள்ள வந்துதான் வரையறாங்க. வெளியேர்ந்து பாத்தா எல்லாருக்கும் ஒரே ஐ.பி. அட்ரஸ், அதாவது ஒரே இன்டர்நெட் நம்பர். ஒரே வாசல்ல அத்தனை பேர் போய் வந்தா, யார் எதைத் தூக்கிட்டுப் போனாங்கன்னு எப்படி சார் சொல்றது?"

"ஆளுக்கொரு வாசல் வைக்க முடியாதா?"

"தாராளமா. உள்ள நுழையற ஒவ்வொருத்தர் செஷனுக்கும் தனியா ஒரு விர்ச்சுவல் ஐ.பி. கொடுத்துட்டா போதும். எது நடந்தாலும் அந்த ஆளோட நம்பர் விழுந்துடும்."

"கொடுங்க! இன்னிக்கே கொடுங்க!" முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

மாலைக்குள் ஆளுக்கொரு நம்பர் வந்துவிட்டது. மறுநாளிலிருந்து ஆபீசில் சிரிப்புச் சத்தமே இல்லை. அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து திறந்து மூடினாள். செய்யாத தப்புக்கு வேலை போய்விடுமோ என்று அவளுக்கு ஒரே பயம். முதலாளியோ வேண்டுமென்றே அவள் மேஜையை ஒட்டி ஒட்டி நடை பழகினார்.

அந்த வாரக் கடைசியில் இரண்டு பேர் டிப்டாப்பாக உள்ளே வந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை. பின்னால் ஒரு போலீஸ்காரர்.

"ஐ.பி. நம்பரை வச்சுத்தான் கண்டுபிடிச்சோம். திருட்டு இந்த ஆபீஸ்லதான் நடக்குது" என்றார் ஒருவர்.

அக்கா நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நான் சொல்லல?" முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. "எந்த நம்பர்னு மட்டும் சொல்லுங்க. ஆளை நானே பிடிச்சுக் கொடுக்கறேன்!"

"எல்லா நம்பரும்தான் சார். நாங்க உங்க டிராயிங் சாஃப்ட்வேரை வித்த கம்பெனி. அதைத் திறக்கறப்பல்லாம் எந்த அட்ரஸ்லேர்ந்துன்னு எங்களுக்குத் தகவல் வந்துடும். போன வாரம் வரைக்கும் இங்கேர்ந்து ஒரே அட்ரஸ்தான் தெரிஞ்சுது, ஒருத்தர்தான் வரையறார்னு நினைச்சோம். இப்போ திடீர்னு இருபத்தி மூணு பேர்! ஒரே ஆளுக்குன்னு சொல்லி லைசென்ஸ் வாங்கிட்டு, இத்தனை நாளா அத்தனை பேருக்கும் ஓட்டினது யார் சார்?"

ஆளைப் பிடித்துக் கொடுக்க முதலாளி ஓரடிகூட நகர வேண்டியிருக்கவில்லை.