ஆதிரையின் டீச்சர்

பூங்கோதை டீச்சர் நடத்துவது ஒரே பாடம்தான். ஆனால் பிள்ளைகள் கண்ணில் மாட்டியிருக்கும் கணினிக் கண்ணாடி, பாடம் யார் மண்டையில் எப்படி ஏறுமோ அப்படி அவள் முகத்தையும் குரலையும் மாற்றிக் காட்டும். ஒருவனுக்குப் பாடுவாள், இன்னொருத்திக்குக் கோமாளியாய்க் குதிப்பாள்.

வகுப்பில் முதலாவதாக வரும் ஆதிரை மட்டும் டீச்சர் கிட்டே போனாலே நடுங்கினாள். ஏனென்று பார்க்க, ஒருநாள் அவள் கண்ணாடியைக் கழற்றித் தான் மாட்டிக்கொண்டு, சுவரிலிருந்த நிலைக்கண்ணாடி முன் நின்றாள் டீச்சர். நிலைக்கண்ணாடிக்குள், அவள் இருக்க வேண்டிய இடத்தில், யாரோ ஒருத்தி பல்லைக் கடித்துக்கொண்டு பிரம்பை ஓங்கினாள்.

டீச்சர் பதறிப்போய் அதைக் கழற்றிவிட்டு, ஆதிரையை அணைத்துக்கொண்டாள். "இனிமே இது உனக்கு வேணாம்டா தங்கம்."

ஆதிரை அந்தப் புது முகத்தை வெறித்துப் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்தபடி கிசுகிசுத்தாள்.

"சீக்கிரம் குடுத்துடுங்கக்கா. எங்க டீச்சர் வந்தா அடிப்பாங்க."