சீனி டின்

"முதலாளி சீனி டின்னைத் தூக்கிட்டாரு!"

கந்தப்பளை பஜாரில் இஸ்ஸதீன் முதலாளியின் ஹாட்வெயார் கடை. திங்கட்கிழமை காலை பத்து மணி, பிளேன்டீ நேரம். சேதி சொன்ன ரஜிதா கேத்தலோடு நின்றாள். மற்ற ஏழு பேரும் உள்ளங்கையை நீட்டியபடி நின்றார்கள். கையில் சீனியைக் கொட்டி நக்கிக்கொண்டே குடிக்காவிட்டால் அது பிளேன்டீயா? கசாயம்.

"எல்லாம் என்னாலதான்," என்றார் அழகையா. பதினாறு வருஷமாக அந்தக் கடையில் சீமெந்து மூட்டை தூக்குகிறவர். "சனிக்கிழம இன்சூரன்ஸ் கேட்டேன்ல? அதுக்குத்தான் பழி வாங்குறாரு."

கேட்டதில் தப்பே இல்லை. மனைவி ராசம்மாவுக்கு தீராத வயிற்றுவலி. ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்தான், ஆனால் ஸ்கேனை வெளியில் எடுத்து வரச் சொல்லிவிட்டார்கள்.

"ஹோட்டல்ல வேல செய்றவங்களுக்கு குடும்பத்துக்கே இன்சூரன்ஸ் இருக்கு முதலாளி. நமக்கும் போட்டுக் குடுங்க" என்று கேட்டார். முதலாளி தாடியைத் தடவிக்கொண்டே பில் புத்தகத்தைப் புரட்டப் போய்விட்டார்.

"இன்சூரன்ஸ் கேட்டதுக்கு சீனி போச்சு. சம்பளத்தக் கூட்டிக் கேட்டா கேத்தலும் போயிரும்," என்றான் கோகுலராஜ்.

அழகையா அசரவில்லை. மறுநாளே சட்டைப்பையில் சீனிப் பொட்டலத்தோடு வந்தார். சீமெந்து மூட்டைகளுக்குப் பின்னால் வரிசை நின்றது. ஆளுக்கு ஒரு கரண்டி. சங்கத் தலைவருக்குக்கூட அப்படி ஒரு மரியாதை கிடைத்திருக்காது.

மூன்று வாரம் போனது. ஒருநாள் கடை பூட்டும்போது முதலாளி சொன்னார்: "நாளைக்கு எல்லாரும் வெறும் வயித்தோட வாங்க."

"சாப்பாட்டையும் நிறுத்திட்டாருடா!" என்று பல்லைக் கடித்தார் அழகையா.

காலையில் இன்சூரன்ஸ்காரர் பிரதாப்பும் ஒரு நர்ஸும் வந்து இறங்கினார்கள். ரத்தம் எடுக்க முதல் கையை முதலாளியே நீட்டினார்.

"எதுக்குங்க இது?" என்று பிரதாப்பிடம் கேட்டார் அழகையா.

"உங்களுக்குச் சொல்லலியா? முதலாளியோட சேத்து ஒம்பது பேருக்கும் இன்சூரன்ஸ். சீனி வருத்தம் இருந்தா கம்பெனி எடுக்காதுன்னேன். 'மூணு வாரம் டைம் குடுங்க, எல்லாரையும் சரி பண்றேன்'னாரு."

எல்லாரும் அழகையாவின் சட்டைப்பையைப் பார்த்தார்கள். அவர் பையைக் கையால் பொத்திக்கொண்டார். ராசம்மாவின் ஸ்கேனை மட்டுமா, எட்டுக் குடும்பத்தின் இன்சூரன்ஸையும் அல்லவா கரண்டி கரண்டியாகக் கெடுத்திருக்கிறார்!

நாலாம் நாள் பிரதாப் ரிப்போட்டோடு வந்தார்.

"ஒருத்தருக்குத்தான் சீனி கூட. அவர எடுக்க ஏலாது. மத்த எல்லாரும் பாஸ்."

அழகையா கண்ணை மூடிக்கொண்டார். "நான்தானுங்களே?"

"இல்லங்க. முதலாளி."

இஸ்ஸதீன் முதலாளி வெட்கத்தோடு மேசை லாச்சியை இழுத்தார். உள்ளே சீனி டின். துடைத்து வைத்தமாதிரி இருந்தது.

"காசு குடுத்து வாங்கின சீனிய வீசவா ஏலும்? வீணாப் போகுதேன்னு டீல போட்டு நானே குடிச்சு முடிச்சிட்டேன்."

அழகையாவுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. டின்னை எடுத்து, தன் சட்டைப்பைப் பொட்டலத்தையும் அதற்குள் போட்டு, இறுக்கி மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"இன்னையிலிருந்து உங்களுக்குச் சீனி கிடையாது முதலாளி. இன்சூரன்ஸ் தம்பி, மூணு வாரம் டைம் குடுங்க. இவர நாங்க சரி பண்றோம்."